அவரவர்க்கு இயன்ற அறம்

கப்பல் உடைந்து, ஒடிந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு கரை ஒதுங்கியவன் சாதுவன். ஒதுங்கிய இடமோ ஆடையறியாத நாகர்கள் வாழும் மலைப்பக்கம். களைத்து மரத்தடியில் உறங்கிக் கிடந்தவனைக் கண்டவர்கள், நல்ல தீனி தானாக வந்து சேர்ந்தது என்று மகிழ்ந்து எழுப்புகிறார்கள். அவர்களுடைய மொழி அவனுக்குத் தெரிந்திருந்தது. அதனால் உயிர் பிழைத்தான். தங்கள் தலைவனிடம் அழைத்துப் போகிறார்கள். கள் காய்ச்சும் பானைகளும் புலால் முடையும் வெளுத்த எலும்புகளும் சூழ்ந்த இடத்தில் தன் மனைவியோடு அமர்ந்திருக்கும் அந்தத் தலைவன், விருந்தோம்பலில் குறை வைக்காதவன். கடலில் அலைந்து வந்தவனுக்கு ஓர் இளம்பெண்ணையும் கள்ளையும் ஊனையும் கொடுக்கச் சொல்கிறான். சாதுவன் மறுக்கிறான். தலைவனுக்குச் சினம் பொங்குகிறது. பெண்ணும் உணவும் இல்லாமல் மனிதர் இந்த உலகத்தில் வாழ்வதில் என்ன பயன் இருக்கிறது, இருந்தால் எங்களுக்கும் காட்டு என்கிறான்.

‘மணிமேகலை’யின் 16ஆம் காதையில் வருகிறது இந்த இடம். எதற்காக உயிர் வாழ்கிறோம் என்ற கேள்வியை இவ்வளவு பச்சையாகக் கேட்கும் குரல் நம் பழைய இலக்கியத்தில் அரிது. நூலை இயற்றிய சாத்தனார் அந்தக் குரலை ஒரு ஞானிக்குக் கொடுக்கவில்லை, நரமாமிசம் உண்ணும் ஒருவனுக்குக் கொடுத்தார். விடை சொல்பவனும் பெரிய சான்றோன் இல்லை. ஆதிரை என்ற நல்ல மனைவியை விட்டுவிட்டுக் கணிகை வீட்டில் கிடந்து, சூதாடிப் பொருளையெல்லாம் தோற்று, கை வறண்ட பிறகு பொருள் தேடக் கடலேறியவன். இந்த இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துத்தான் சாத்தனார் அந்தப் பேச்சைத் தொடங்குகிறார்.

சாதுவன் தான் கேட்டறிந்ததைச் சொல்கிறான். மயக்கும் கள்ளையும் கொலையையும் அறிவுடையோர் விலக்கினார்கள். பிறந்தவர் இறப்பதும் இறந்தவர் பிறப்பதும் உறங்குவதும் விழிப்பதும் போல. நல்வினை செய்தவர் மேலுலகம் போவர், தீவினை செய்தவர் நரகம் போவர். நாகர் தலைவன் சிரிக்கிறான். உடம்பை விட்ட உயிர் இன்னோர் உருவத்துக்குள் போய்ப் புகும் என்கிறாயே, எப்படிப் போகும், அதைச் சொல் என்கிறான். நல்ல கேள்வி. உயிர் இருக்கும்போது உணர்கிற உடம்பு, உயிர் போனபின் வெட்டிச் சுட்டாலும் உணர்வதில்லை, அதனால் போனது ஒன்று உண்டு. போனதற்குப் புகுமிடமும் உண்டு என்று சாதுவன் தனக்குத் தெரிந்த வழியில் சொல்லிப் பார்க்கிறான். தர்க்கமாகப் பார்த்தால் இடைவெளிகள் உள்ள விடைதான். ஆனாலும் தலைவன் காலில் விழுகிறான். விழுந்தவன் சொல்வது, இந்தக் காட்சியில் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் பகுதி. கள்ளையும் ஊனையும் விட்டு எங்களால் உயிர் வாழ முடியாது, எங்களுக்கு ஏற்ற அறம் எதுவோ அதைச் சொல் என்கிறான்.

சாதுவன் சொல்கிறான். இனிமேல் கப்பல் உடைந்து வருகிறவர்களைக் கொல்லாதீர்கள், காப்பாற்றுங்கள். மூப்படைந்து தானாகச் சாகும் விலங்கின் இறைச்சியைத் தவிர மற்ற ஊனை விடுங்கள். அவ்வளவுதான். நிர்வாணம் பற்றி ஒரு சொல் இல்லை. மதம் மாறச் சொல்லவில்லை. கள்ளைக்கூட விடச் சொல்லவில்லை. தலைவன் அதை ஏற்றுக்கொண்டு, உடைந்த கப்பல்களில் இருந்து தாங்கள் எடுத்துச் சேர்த்திருந்த அகிலையும் சந்தனத்தையும் துணிகளையும் கொடுத்து அனுப்புகிறான். இந்தப் பேரத்துக்குப் பிறகு அந்தக் கரையில் எத்தனை மாலுமிகள் உயிரோடு ஏறியிருப்பார்கள் என்று நினைக்கும்போதுதான் விடையின் அளவு எனக்குப் புரிகிறது. பிறப்பிறப்பு பற்றிய பெரிய உண்மை அங்கே பாதிதான் ஏற்றுக்கொள்ளப்பட்டது. கொலை நின்றது.

உ. வே. சாமிநாதையர் இந்த நூலை 1898இல் பதிப்பித்தார். பௌத்தம் சொல்லித்தர ஒரு பௌத்தர் அவருக்குக் கிடைக்கவில்லை. சைவக் குடும்பத்தில் பிறந்து சைவ மடத்தில் படித்த ஐயர், ஏட்டில் கண்ட சொற்கள் எந்தச் சமயத்துக்கு உரியவை என்றே பிடிபடாமல் திகைத்திருந்தபோது, கும்பகோணம் கல்லூரியில் உடன் வேலை பார்த்த மளூர் ரங்காசாரியர்தான் இது பௌத்தம் என்று அடையாளம் காட்டினார். ஆங்கிலத்தில் வந்திருந்த பௌத்த நூல்களைப் படித்துப் பொருள் சொன்னவரும் அவர்தான். ஒரு வைணவர் படித்துச் சொல்ல, ஒரு சைவர் கேட்டு எழுத, ஒரு பௌத்த காப்பியம் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. தன் நம்பிக்கைக்கு வெளியே இருக்கும் ஒன்றை இவ்வளவு பொறுமையாகக் கற்றுக்கொண்டவர்களை நான் வணங்குகிறேன். அந்தப் பொறுமை இல்லாவிட்டால் நாகர் தலைவனின் கேள்வி நமக்குக் கிடைத்திருக்காது.

மணிமேகலைக்கு அந்தக் கேள்வி வேறு வடிவத்தில் வருகிறது. கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்தவள் அவள். எதற்காக வாழவேண்டும் என்று அவள் கேட்பதற்கு முன்பே ஊர் விடை எழுதி வைத்திருந்தது. ஆடல் மகளாக அரங்கேற வேண்டும், அரசகுமாரனின் தேரில் ஏறவேண்டும். பாட்டி சித்திராபதி இதில் உறுதியாக இருந்தாள். கணவன் இறந்தால் உடன் இறப்பதும் துறவு பூணுவதும் நம் குலத்துக்கு உரியவை அல்ல என்பது அவள் வாதம். கொடுமையாகத் தோன்றினாலும் அதில் ஒரு தொழில்குலத்தின் நெடுங்கால அனுபவம் இருக்கிறது. சாத்தனார் அதைக் கேலி செய்யவில்லை. மணிமேகலை அந்த விடையை மறுத்து வெளியேறுகிறாள். வெளியேறிய பெண்ணுக்கு மற்ற விடைகளைக் கேட்கும் உரிமை உடனே கிடைத்துவிடுவதில்லை. இளம்பெண் என்று பார்த்துச் சமயவாதிகள் தங்கள் உட்பொருளை உனக்குச் சொல்லமாட்டார்கள், வேற்றுருக் கொண்டு போ என்று அவளுக்கு முன்கூட்டியே அறிவுறுத்தப்படுகிறது. ஆகவே வஞ்சி நகருக்குள் அவள் ஒரு மாதவன் வடிவில், ஆண் துறவியாக நுழைகிறாள். வாழ்வின் பயன் என்ன என்று தெரிந்துகொள்ள ஒரு பெண் ஆணாக வேடமிட வேண்டியிருந்தது என்பதைப் பின்னால் வரும் எந்தத் தத்துவ விளக்கத்தைப் படிக்கும்போதும் நாம் மறக்கக் கூடாது.

27ஆம் காதை முழுவதும் அந்தக் கேட்டல்தான். அளவைவாதி வருகிறான், உண்மையை அளக்கும் பிரமாணங்கள் இத்தனை என்று விரிக்கிறான். சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி மூவரும் சில அடிகளில் முடிந்துவிடுகிறார்கள். வேதவாதி, வேதத்துக்குத் தொடக்கமும் இல்லை முடிவும் இல்லை என்கிறான். நிகண்டவாதி, அதாவது சமணன், தன் பொருள்களை வரிசைப்படுத்துகிறான். சாங்கியன் வருகிறான், வைசேடிகன் வருகிறான். மொத்தம் பத்துப் பேர். மணிமேகலை யாரோடும் மல்லுக்கு நிற்கவில்லை. உன் கடவுள் யார், உன் நூல் என்ன சொல்கிறது என்று கேட்கிறாள், கேட்டுக்கொள்கிறாள், அடுத்தவரிடம் போகிறாள்.

சமண நூலான ‘நீலகேசி’யோடு ஒப்பிட்டால் இந்த நிதானத்தின் அருமை தெரியும். நீலகேசி ஊர் ஊராகப் போய் வாதத்தில் வெல்பவள். குண்டலகேசியை வெல்கிறாள், மொக்கலனை வெல்கிறாள், புத்தரையே எதிர்கொள்கிறாள். கடைசியில் வரும் பூதவாதி பேய் என்று ஒன்று இல்லை என்று சொல்ல, தன் பழைய பேயுருவைக் காட்டி அவனை அச்சுறுத்துகிறாள். அந்த நூலின் தர்க்கக் கூர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் நடுங்குகிற மனிதன் ஒத்துக்கொண்டதை ஒத்துக்கொண்டதாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

வஞ்சியில் பேசிய பத்துப் பேரில் இருவர் என்னை விடுவதில்லை. ஒருவன் ஆசீவகன். நிலம், நீர், தீ, காற்று, உயிர் என்று ஐந்து வகை அணுக்கள். அவை கூடும், பிரியும். பிறப்புகள் கருமையில் தொடங்கி வெண்மை வரை ஆறு நிறப் படிகளில் ஏறும். கழிவெண் பிறப்பில் வீடு. எது எப்போது நேரவேண்டுமோ அது அப்போது நேரும். இன்பமும் துன்பமும் வந்து சேர்வதும் விலகுவதும் கருவிலேயே குறிக்கப்பட்டவை. முயற்சியால் ஆவது ஒன்றும் இல்லை. இப்படி நம்பியவர்கள் கடுமையான தவம் செய்தார்கள் என்பதுதான் வியப்பு. அசோகர் பீகாரின் பராபர் குன்றுகளில் அவர்களுக்குக் குகைகள் குடைந்து கொடுத்தார். தமிழ்நாட்டில் அவர்கள் பல நூற்றாண்டுகள் தங்கியிருந்தார்கள். பிற்காலக் கல்வெட்டுகளில் அவர்கள் மீது விதித்த வரி பற்றிய குறிப்பு இருக்கிறது. அவர்களுடைய சொந்த நூல் ஒன்றுகூட இன்று கையில் இல்லை. ஏ. எல். பாஷம் 1951இல் ஆசீவகர் வரலாற்றை எழுதியபோது ‘மணிமேகலை’யையும் ‘நீலகேசி’யையும் ‘சிவஞான சித்தியார்’ பரபக்கத்தையும் சான்றாகக் கொள்ள வேண்டியிருந்தது. மறுப்பதற்காக எழுதியவர்களின் ஏடுகளில்தான் மறுக்கப்பட்டவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். பயன் கருதாமல் தவம் செய்த அந்த மனிதர்கள் அதைப் பற்றித் தங்கள் வாயால் என்ன சொன்னார்கள் என்று கேட்க முடியாமல் போனது பெரிய இழப்பு.

இன்னொருவன் பூதவாதி. பூவும் கருப்புக்கட்டியும் பிறவும் கூடினால் மதுவின் வெறி பிறப்பதுபோல் பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது. பிரிந்தால் அழிகிறது. கண்ணால் காண்பது மட்டுமே அறிவு. இந்தப் பிறப்பும் இதன் பயனும் இங்கேயே முடிகின்றன. மறுபிறவி என்பது பொய். மணிமேகலை தன் முற்பிறப்பை அறிந்தவள். அவள் அதைச் சொன்னபோது, அது தெய்வ மயக்கமோ கனவோ என்று அவன் தள்ளுகிறான். அவள் திருப்பிக் கேட்கிறாள், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று. கூர்மையான கேள்வி, காட்சி ஒன்றையே நம்பி ஒருவன் ஒரு நாளைக்கூட நடத்த முடியாது என்பதை ஒரே வரியில் காட்டிவிடுகிறது. ஆனால் அவன் அறியும் வழி குறைபட்டது என்று காட்டியதாலேயே அவன் சொன்ன வாழ்க்கை பொய்யாகிவிடாது. இந்த ஒரு பிறப்புதான் இருக்கிறது என்று எண்ணுகிறவன் எப்படி வாழவேண்டும் என்ற கேள்விக்கு அவள் விடை தரவில்லை. சாத்தனாருக்கு அது விடை தேவைப்படாத கேள்வியாக இருந்திருக்கலாம். நமக்கு அப்படியில்லை. நம்மோடு பேருந்தில் உட்கார்ந்து வருகிறவர்களில் பலர் பூதவாதிகள். நம்மில் பலர் வீட்டில் விளக்கேற்றிக்கொண்டே உள்ளுக்குள் பூதவாதிகள்.

இந்த இடத்தில் ஆபுத்திரனிடம் போகவேண்டும். காப்பியத்தின் நடுவில் ஒரு கிளைக்கதையாக வருகிறவன்தான். ஆனால் வாழ்வின் பொருள் பற்றி இந்த நூல் கேட்கும் கடினமான கேள்வி அவனிடம்தான் இருக்கிறது.

சாலி என்ற பார்ப்பனப் பெண் வழியில் பெற்று, இரக்கமின்றி விட்டுச்சென்ற குழந்தை. ஒரு பசு ஏழு நாள் பால் சுரந்து காத்தது. வளர்ந்தபின் வேள்விக்குக் கட்டிவைத்த பசுவை இரவோடு இரவாக அவிழ்த்துப் போனதற்காக அடித்து விரட்டப்படுகிறான். பிச்சைக்குப் போனால் ஓட்டில் கல் போடுகிறார்கள். மதுரைக்கு வந்து சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் தங்கி, வீடு வீடாகப் பிச்சை எடுத்து, குருடர், செவிடர், முடவர், ஆதரவற்றோர், நோயாளிகள் எல்லோரையும் கூவி அழைத்து ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டு, ஓட்டைத் தலையணையாக வைத்துத் தூங்குகிறான். மழை பெய்யும் ஓர் இரவில் பசித்து வந்தவர்களுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லாமல் கலங்கியபோது, தெய்வம் அமுதசுரபியைத் தருகிறது. அள்ள அள்ளக் குறையாத அந்தப் பாத்திரத்தால் அவன் ஊரின் பசியை ஆற்றுகிறான். பறவைகள் கூடும் மரம்போல அம்பலம் நிறைகிறது.

இந்திரன் கிழவன் வடிவில் வந்து, உன் கொடையின் பயனை எடுத்துக்கொள், என்ன வேண்டும் என்கிறான். ஆபுத்திரன் விலா நோகச் சிரிக்கிறான். உன் நாட்டில் செய்த நன்மையின் பயனைத் துய்ப்பவர்கள்தான் இருக்கிறார்கள். அங்கே அறம் செய்பவர் உண்டா, பிறரைக் காப்பவர் உண்டா, தவம் முயல்பவர் உண்டா? பசித்து வந்தவர் உண்டு முகம் மலர்வதைக் காட்டுகிற இந்தப் பாத்திரம் எனக்குப் போதும், நீ தருவதற்கு ஒன்றும் இல்லை என்கிறான். சொர்க்கத்தைப் பார்த்து இப்படிச் சிரித்த ஒருவனைத் தமிழ் படைத்திருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

இந்திரன் பழி வாங்குகிறான். வாங்கிய விதம்தான் பயங்கரம். அவனைக் கொல்லவில்லை, பாத்திரத்தைப் பறிக்கவில்லை. மழையைப் பெய்யவிட்டான். 12 ஆண்டு வறண்டிருந்த பாண்டியநாடு செழித்தது. பசித்தவர் ஒருவரும் இல்லாமல் போனார்கள். அம்பலத்தில் ஊர்சுற்றிகளும் காமுகரும் வழிப்போக்கரும் கூடிச் சூதாடி வம்பு பேசிச் சிரித்தார்கள். ஆபுத்திரன் உண்பவர் யாரேனும் உண்டா என்று ஊர் ஊராகக் கேட்டுப் போகிறான். யார் இவன் என்று சிரிக்கிறார்கள்.

ஊர் நன்றாக இருக்கிறது. அவன் வாழ்ந்ததன் பயன் நிறைவேறிவிட்டது. அதனாலேயே அவன் வாழ்வதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. பிறர் துயரைத் துடைப்பதே வாழ்வின் பொருள் என்று சொல்லும் எல்லோரும், நானும்தான், இந்த அம்பலத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்கவேண்டும். என் வாழ்வு பொருளுடையதாக இருக்க இன்னொருவர் பசித்திருக்க வேண்டுமா?

1826இன் இலையுதிர் காலத்தில் லண்டனில் 20 வயது இளைஞன் ஒருவன் ஏறக்குறைய இதே இடத்தில் வந்து முட்டிக்கொண்டான். ஜான் ஸ்டூவர்ட் மில். மூன்று வயதில் கிரேக்கம் தொடங்கி, தந்தையின் திட்டப்படி வளர்க்கப்பட்டு, கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, உலகைச் சீர்திருத்துவதே தன் பிறவிப் பயன் என்று நம்பியிருந்தவன். ஒருநாள் தன்னையே கேட்டுக்கொண்டான். நீ விரும்பும் சீர்திருத்தங்கள் எல்லாம் இந்த நொடியே நிறைவேறிவிட்டால் உனக்கு மகிழ்ச்சியாக இருக்குமா? இல்லை என்று உள்ளிருந்து விடை வந்தது. காலடியில் இருந்த தரை போய்விட்டது. பல மாதங்கள் வேலையை இயந்திரம்போல் செய்துகொண்டு உள்ளே வறண்டு கிடந்தான். மார்மோந்தெல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் நினைவுக்குறிப்புகளில், தந்தை இறந்தபோது சிறுவனான தானே குடும்பத்துக்கு எல்லாமாக இருப்பேன் என்று அவர் எண்ணிய பகுதியைப் படித்தபோது கண்ணீர் வந்தது. தனக்குள் எதுவும் செத்துவிடவில்லை என்று தெரிந்தது. பின்னர் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகள். உலகத்தின் பெரிய துன்பங்கள் எல்லாம் நீங்கிய பிறகும் எஞ்சி நிற்கக்கூடிய மகிழ்ச்சி ஒன்று உண்டு, மலையையும் மனித உணர்வையும் பார்த்துக்கொண்டிருப்பதில் அது கிடைக்கிறது என்று அந்தக் கவிதைகள் அவனுக்குக் கற்றுக்கொடுத்தன. இதையெல்லாம் மில், தாம் இறந்த 1873இல் வெளியான தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

ஆபுத்திரனுக்கு அந்த வழி திறக்கவில்லை. அவனிடம் மலை இல்லை, கவிதை இல்லை. ஓடு மட்டும் இருந்தது. சாவக நாட்டில் மழையில்லாமல் உயிர்கள் மடிகின்றன என்று கப்பலில் வந்தவர்கள் சொல்லக் கேட்டு, அங்கே போகிறேன் என்று மகிழ்ந்து கப்பலேறுகிறான். வழியில் காற்று மிகுந்து மணிபல்லவத்தில் கப்பல் தங்குகிறது. அவன் இறங்குகிறான். ஏறிவிட்டான் என்று எண்ணி மாலுமிகள் இரவில் பாய் விரித்துப் போய்விடுகிறார்கள். ஆளில்லாத் தீவு. ஆயிரம் பேருக்கு ஊட்டும் பாத்திரம் கையில், உண்பதற்கு அவன் ஒருவன் மட்டும். அதில் தனக்கு மட்டும் எடுத்து உண்ண அவனுக்கு மனமில்லை. அருளுடையவர் யாராவது வந்தால் அவர் கையில் சேர் என்று சொல்லிக் கோமுகிப் பொய்கையில் பாத்திரத்தை விட்டுவிட்டு, உண்ணாமல் கிடந்து உயிர் விடுகிறான்.

இந்தச் சாவைச் சாத்தனார் பழிக்கவும் இல்லை, புகழ்ந்து மேலேற்றவும் இல்லை. அவனை மறுபடி பிறக்கவைத்தார். அவன் போக நினைத்த சாவகத்திலேயே புண்ணியராசன் என்ற அரசனாக. பின்னொரு நாள் மணிமேகலை அவனை மணிபல்லவத்துக்கு வரச்செய்கிறாள். மணலைத் தோண்டுகிறான். தன் பழைய உடம்பின் எலும்புக்கூட்டைத் தானே காண்கிறான். மயங்கி விழுகிறான். ஏற்கெனவே நாட்டைத் துறக்கும் எண்ணத்தோடு இருந்தவன் அவன். துறப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. அவளும் துறவிதான், அவனைத் தன் வழிக்கு அழைத்திருக்கலாம். அழைக்கவில்லை. அரசர்களே அருளறத்தை மேற்கொண்டால் உயிர்களின் துயர் தீர வேறு என்ன வேண்டும் என்கிறாள். அறம் என்பது உயிர்களுக்கெல்லாம் சோறும் துணியும் தங்க இடமும் கொடுப்பது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று விளக்கம் சொல்லி, உன் நாடு உனக்காகக் காத்திருக்கிறது, கப்பலேறு என்று அனுப்பிவிடுகிறாள்.

சாதுவன் நாகர் தலைவனுக்குச் செய்ததையே மணிமேகலை புண்ணியராசனுக்குச் செய்கிறாள் என்று நான் நினைக்கிறேன். ஊன் உண்பவனுக்கு அவன் கைக்கு எட்டிய அறம், அரசனுக்கு அவன் கைக்கு எட்டிய அறம். கற்புடைய இல்லாளாக ஊரில் இருந்த ஆதிரைக்கு, பின்னாளில் மணிமேகலையின் கைக்கு வந்த ஆபுத்திரனின் பாத்திரத்தில் முதல் பிச்சை இடும் அறம். சாத்தனார் உறுதியான பௌத்தர். எது மெய் என்பதில் அவருக்கு ஐயமே கிடையாது. ஆனால் அந்த மெய்யை ஒரே வாழ்க்கையாக எல்லோர் தலையிலும் அவர் ஏற்றவில்லை. வாழ்வின் பொருள் பற்றிய கருத்து வேறுபாட்டை இவ்வளவு பெரிய மனத்தோடு கையாண்டவர்கள் குறைவு.

வஞ்சிக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பத்துப் பேரின் கொள்கைகளையும் கேட்டு முடித்தவளுக்கு அடுத்து வரவேண்டியது சரியான விடை. அவளுடைய பௌத்த ஆசான் அறவணவடிகள் காஞ்சியில் இருக்கிறார். அவள் போகிறாள். காஞ்சி மழையின்றி வாடிக் கிடக்கிறது. 28ஆம் காதையில் அவள் முதலில் செய்வது, பாத்திரத்தைப் பீடத்தில் வைத்து எல்லா உயிர்களையும் அழைத்து ஊட்டுவது. 29இல்தான் அடிகள் தருக்க நூலைத் தொடங்குகிறார். 30இல்தான் பேதைமையில் தொடங்கும் பன்னிரு சார்புகள் வருகின்றன. கேள்விக்கும் விடைக்கும் நடுவே ஒரு பஞ்சத்தை வைத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பசித்தவனுக்குத் தத்துவம் வேண்டாம் என்று சாத்தனார் சொல்லவில்லை, அப்படிச் சொல்வது பசித்தவனை அவமதிப்பது. கேட்கும் காதுகள் பிழைத்திருக்க வேண்டும் என்கிறார்.

இந்த ஒழுங்கு தமிழ்நாட்டில் நூலோடு நின்றுவிடவில்லை. வடலூரில் வள்ளலார் 1867இல் தருமச்சாலை தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுத்தது. 1956இல் காமராசரின் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022இல் காலைச் சிற்றுண்டி. இவற்றைத் தொடங்கியவர்களில் கடவுளை நம்பியவரும் உண்டு, மறுத்தவரும் உண்டு. வஞ்சியில் மணிமேகலை விடை சொல்லாமல் விட்டுவந்த பூதவாதியும் இந்த வரிசையில் நின்று பரிமாறியிருக்கிறான். ஒரே ஒரு பிறப்புதான் உண்டு என்பவனுக்கு, இந்த மதியம் இந்தப் பிள்ளை பசியோடு உட்கார்ந்திருப்பது இன்னும் பெரிய அநியாயம். அடுத்த பிறவியில் ஈடுசெய்ய அவனிடம் ஒன்றும் இல்லை.

நூலின் கடைசியில் மணிமேகலை நோன்பு ஏற்கிறாள், பிறவியின் தொடர் அறுக என்று. ஆபுத்திரனோ பிறர் பசி தீர்ப்பதற்காகச் சொர்க்கத்தையே வேண்டாம் என்றவன், மறுபடி பிறந்து அந்த வேலையையே தொடர்ந்தவன். பிறவாமல் போவதும், பிறந்து ஊட்டிக்கொண்டே இருப்பதும். இரண்டையும் ஒரே நூலுக்குள் வைத்துவிட்டு, எது உயர்ந்தது என்று சாத்தனார் தீர்ப்பு எழுதவில்லை. உரைகாரர்கள் ஒன்றை மற்றதற்குப் படியாக ஆக்கிச் சமாதானம் சொல்லலாம். எனக்கு அந்தச் சமாதானம் வேண்டாம். மணிமேகலையின் நோன்பு அவளுடையது, அது பெரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் மணிபல்லவத்து மணலில் எலும்பாகக் கிடந்தவன் பக்கத்தில்தான் நான் நிற்கிறேன்.